கனியுப்புக் கலவை வாங்குமுன்



இடம்பெயர்ந்த இடத்தில் புல்தரை நமக்குச் சொந்தமில்லை. பசுவும் ஆடும் வைக்கோலிலும் தவிட்டிலுமே காலம் தள்ளுகின்றன. வயிறு நிரம்பினாலும் பால் குறைகிறது, சினைப்படத் தாமதமாகிறது. உடனே வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இருக்கும் உறவினரிடம், "நல்லதொரு சத்துப் பைக்கற் வாங்கி அனுப்புங்கோ" என்கிறோம். அவர் எதை வாங்குவார்?

முதலில் குறை எதுவென அறிவோம். தவிட்டில் பொசுபரசு மிகுதி, கல்சியம் மிகக் குறைவு. வைக்கோலில் புரதம் மிகக் குறைவு. கனியுப்புக் கலவை கல்சியத்தைத் தரும், புரதத்தைத் தராது. புரதத்துக்குச் சீமைக்கிளுவை, முருங்கை, அகத்திக் குழைகள் உண்டு. வேலியில் கிடைப்பதற்குக் கடையில் காசு கொடுக்க வேண்டாம்.

கலவை வாங்கும்போது மூன்றைப் பார்ப்போம்.

1. எந்த மிருகத்துக்குரியது? செம்பு சேர்த்த மாட்டுக் கலவை செம்மறியின் ஈரலில் தேங்கி, நாளடைவில் அதைக் கொல்லும். சில மாட்டுத் தீன்களிலும் கோழித் தீன்களிலும் சேரும் மொனென்சின் என்ற மருந்து குதிரைக்கு நஞ்சு.

2. யூரியா உண்டா? யூரியா சேர்ந்த நக்குக் கட்டியை 6 மாதத்துக்குட்பட்ட கன்றுக்குக் கொடுக்கக் கூடாது. வளர்ந்த மாட்டுக்கும் வெறுவயிற்றில் ஆகாது.

3. நாளொன்றுக்கு எத்தனை கிராம்? காலாவதித் திகதி எது? அளவைக் கூட்டினால் பால் கூடாது.

எஞ்சியிருக்கும் ஒரேயொரு பசுவையும் இழந்தால் குடும்பம் மீண்டும் வெறுங்கையோடு நிற்கும். ஐயமிருந்தால், பையைத் திறக்குமுன் அரச மிருக வைத்தியரிடம் காட்டுவோம்.

குழுவாகச் சிந்திக்க: நமது மிருகங்களுக்கு இன்று குறைவது எது? அது வேலியில் உண்டா, கடையில்தான் உண்டா?