வகுப்பறையில் ஆவணப்படம்

கேள்வி: பத்தாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். ஆவணப்படம் போட்டால் பிள்ளைகள் பார்த்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: முழுப் படத்தையும் ஒரே மூச்சில் ஓட்டாதீர்கள். திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ (2017) படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 2013லேயே வந்தது. அதற்குப் பிறகும் அந்த வேலை நடப்பதைத் தொழிலாளர்களே அந்தப் படத்தில் சொல்கிறார்கள். நெஞ்சைக் கலங்கடிக்கும் காட்சிகள் உண்டு. ஆகவே நீங்கள் முதலில் பார்த்து, பத்து நிமிடப் பகுதியைத் தேர்ந்தெடுங்கள். நிறுத்தியதும் சட்டத்தின் வாசகத்தைக் கையில் கொடுத்து, ‘இதற்கு யார் பொறுப்பு?’ என்று கேளுங்கள். அங்கேதான் பாடம் தொடங்குகிறது. ஒன்றை மறக்கவே கூடாது: அந்த வேலை செய்பவரின் பிள்ளை உங்கள் வகுப்பிலேயே இருக்கலாம். அந்தப் பிள்ளையை எழுப்பிப் பேசச் சொல்லாதீர்கள். யாரும் திரும்பிப் பார்க்கவும் விடாதீர்கள்.