தூசி படிந்த மிதிவண்டி

நுழையும்முன்

பதினொன்றாம் வகுப்பில் அடியெடுத்து வைக்கும் மாணவர் பலரின் கைக்கு ஒரு மிதிவண்டி வந்து சேர்கிறது. பள்ளிக்குச் சென்றுவர உதவும் ஊர்தியாகவே அதை நாம் அறிவோம். அதே வண்டி உடலைப் பேணும் கருவியாகவும் அமையும் என்பதைத் தேனியில் வாழும் ஓர் ஆசிரியரின் பட்டறிவு வழியே இப்பாடம் எடுத்துரைக்கிறது.

வாசலில் நின்ற நோய்

என் ஐம்பதாம் வயதில், வழக்கமான ஒரு மருத்துவ ஆய்வுக்காகக் குருதி கொடுத்தேன். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு 6.2 விழுக்காடு என்று முடிவு வந்தது. இந்த அளவு 5.7 முதல் 6.4 வரை இருப்பின் அது நீரிழிவுக்கு முந்தைய நிலை, 6.5ஐ எட்டினால் நீரிழிவு. என் எடை 82 கிலோவாக இருந்தது. "நோய் இன்னும் வீட்டுக்குள் வரவில்லை, ஐயா. வாசலில் நிற்கிறது. உள்ளே விடுவதும் விடாததும் உங்கள் கையில்தான் இருக்கிறது" என்றார் மருத்துவர்.

வீடு திரும்பும் வழியில் என் தந்தையை நினைத்துக்கொண்டேன். உத்தமபாளையத்தில் முல்லைப் பெரியாற்று நீர் பாயும் வயலுக்கு நாள்தோறும் மிதிவண்டியில் சென்று வந்தவர் அவர். உடற்பயிற்சி என்ற சொல்லை அவர் உச்சரித்ததே இல்லை. மூன்று கிலோமீட்டர் தொலைவிலுள்ள பள்ளிக்கு இருபது ஆண்டுகளாக மோட்டார் சைக்கிளில் சென்று வந்தவன் நான். அவர் செலவிட்ட உழைப்பை என் வாழ்வில் பொறி எடுத்துக்கொண்டது. அவர் உண்ட சோற்றின் அளவு மட்டும் என் தட்டில் மாறாமல் இருந்தது.

இது என் ஒருவனின் கதையன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் உதவியுடன் நாடு முழுவதும் நடத்தப்பட்டு 2023இல் வெளியான ஆய்வு, இந்தியாவில் 10 கோடியே 10 இலட்சம் பேருக்கு நீரிழிவும் 13 கோடியே 60 இலட்சம் பேருக்கு அதன் முந்தைய நிலையும் இருப்பதாக மதிப்பிட்டது. வாசலில் நிற்கும் நோயைக் கண்டவர்கள், உள்ளே விட்டவர்களைவிட மிகுதியானோர் என்பதே இதன் பொருள். அவர்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது.

படிக்கட்டின் கீழ் ஒரு வண்டி

தமிழ்நாட்டில் மாணவர்களுக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கும் திட்டம், 2001-02ஆம் கல்வியாண்டில் பட்டியலின, பழங்குடியின மாணவியருக்கெனத் தொடங்கப்பட்டது. பின்னர் 2005-06இல், அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பதினொன்றாம் வகுப்புப் பயிலும் மாணவர் அனைவருக்குமாக அது விரிவடைந்தது. என் மகளும் அவ்வாறு ஒரு மிதிவண்டி பெற்றவள். அவள் கல்லூரிக்குச் சென்றபின் அவ்வண்டி எங்கள் வீட்டுப் படிக்கட்டின் கீழ்த் தூசி படிந்து நின்றது. மருத்துவரைக் கண்ட மறுநாள் அதை வெளியே எடுத்தேன். டயர்களில் காற்றில்லை, செயின் துருவேறிக் கிடந்தது. தெருமுனைச் சைக்கிள் கடையில் டியூபும் பிரேக் கட்டையும் மாற்றி, செயினுக்கு எண்ணெய் விட்டு வாங்கி வந்தேன்.

மூன்று பிழைகள்

முதல் நாள் பழனிசெட்டிபட்டி வரை சென்று திரும்புவதற்குள் மூச்சு வாங்கியது. இழந்ததை ஒரே வாரத்தில் மீட்டுவிடும் அவசரத்தில், மூன்றாம் நாளே வீரபாண்டி வரை சென்று திரும்பினேன். போகவர ஏறத்தாழப் பதினாறு கிலோமீட்டர். மறுநாள் காலை முழங்கால்கள் படியிறங்க மறுத்தன. மிதிவண்டி எனக்கு ஒத்துவராது என்று முடிவு கட்டி, வண்டியைச் சைக்கிள் கடையிலேயே விட்டுவிடச் சென்றேன்.

கடைக்காரப் பெரியவர் வண்டியைப் பார்த்தார். என் உயரத்தையும் பார்த்தார். "சார், சீட்டு ரொம்ப இறங்கிக் கெடக்கு. பிள்ளை ஓட்டுன உயரத்துலயே ஓட்டுனா முட்டி எப்படித் தாங்கும்?" என்றார்.

"அப்படியா, அண்ணே? வயசாயிருச்சுன்னுல்ல நினைச்சேன்" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே இருக்கையை உயர்த்தினார். பெடல் தாழ்ந்த நிலையில் இருக்கும்போது, அதன்மீது குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அதுவே சரியான உயரம் என்று காட்டினார். குதிகாலால் அளந்த உயரத்தில் அமர்ந்து பாதத்தின் முற்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் இலேசாக மடிந்திருக்கும். இருக்கை தாழ்ந்திருந்தால் ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் மிகுதியாக மடிந்து நோகும். அன்று அவர் எனக்குக் கற்பித்தது ஒரு பாடவேளைக்குரிய பாடம்.

இரண்டாம் பிழை நாவினால் நேர்ந்தது. மிதிவண்டி ஓட்டிவிட்டோம் என்னும் பெருமிதத்தில் தேநீர்க் கடையில் வடையும் இனிப்பு மிகுந்த தேநீரும் எடுத்துக்கொண்டேன். 60 கிலோ எடையுள்ள ஒருவர் அரைமணி நேரம் மெதுவாக மிதித்தால் செலவாகும் ஆற்றல் ஏறத்தாழ 120 கிலோகலோரி. சற்று விரைந்து மிதித்தால் 200 கிலோகலோரி அளவில் அமையும். அரைமணி நேர உழைப்பை ஐந்து நிமிடத்தில் நான் திரும்பப் பெற்றுக்கொண்டிருந்தேன். திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் மருந்துகளைப் பட்டியலிடவில்லை. பசித்து உண்பதையும் அளவறிந்து உண்பதையும் வலியுறுத்துகிறார். ஏன் என்பது எனக்கு அப்போது விளங்கியது.

மூன்றாம் பிழை, நாள்தோறும் எடைக்கருவியின்மீது ஏறி நின்றது. ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கிலோகலோரி ஆற்றல் சேர்ந்துள்ளது. நாளொன்றுக்கு 120 கிலோகலோரி வீதம் செலவிட்டால், மிதிப்பதனால் மட்டும் ஒரு கிலோ குறைய இரண்டு மாதங்களுக்குமேல் ஆகும். ஓரிரு நாள்களில் ஏறி இறங்கும் எடை, பெரும்பாலும் உடலிலுள்ள நீரின் அளவு மாறுவதால் தோன்றுவது. இதை அறியாதவர்கள் பத்தாம் நாளில் மனம் தளர்ந்து வண்டியை மீண்டும் படிக்கட்டின் கீழ் நிறுத்திவிடுகின்றனர்.

உடலுக்குள் நிகழ்வது

எடைக்கருவி காட்டாத மாற்றங்கள் உடலுக்குள் முன்னரே தொடங்கிவிடுகின்றன. மிதிக்கும்போது தொடையிலும் இடுப்பிலும் உள்ள பெருந்தசைகள் இயங்குகின்றன. இயங்கும் தசை, இன்சுலினின் துணையை மிகுதியாக எதிர்பாராமலேயே குருதியிலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்ளும் ஆற்றல் உடையது. தொடர்ந்த பயிற்சியால் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் முன்னைவிட மிகுதியான குருதியைச் செலுத்தக் கற்றுக்கொள்கிறது. அதனால் ஓய்வில் இருக்கும்போது துடிப்பின் எண்ணிக்கை குறைகிறது. உடலின் எடையைப் பெரும்பகுதி இருக்கை தாங்கிக்கொள்வதால், ஓடுவதைவிட மூட்டுகளுக்கு இது எளிது.

எனினும் ஒரு குறையையும் சொல்ல வேண்டும். இருக்கை எடையைத் தாங்குவதால், எலும்புகளை வலுப்படுத்துவதில் மிதிவண்டியின் பங்கு சிறிது. நடத்தல், கயிறு தாண்டுதல், கபடி போன்றவையும் உடன் வேண்டும்.

பள்ளத்தாக்கு கற்பித்த பாடம்

லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளையும் நிலம் கம்பம் பள்ளத்தாக்கு. இருபுறமும் மலைகள் உயர்ந்திருந்தாலும் நடுவிலுள்ள நிலம் பெரிதும் சமமானது. ஆனால் ஆடி மாதத்தில் கம்பத்தை நோக்கி மிதித்தவருக்குச் சமவெளியும் மேடாகத் தோன்றும். தென்மேற்குப் பருவக்காற்று கம்பம் கணவாய் வழியே எதிரே வந்து மோதும். எதிர்ப்படும் காற்றின் வேகம் இருமடங்கானால் அதன் தடை நான்கு மடங்காகும் என்று இயற்பியலில் படிக்கிறோம். அதைத் தொடைகளால் படித்த இடம் எனக்கு இந்தச் சாலை. காற்றோடு போராடாமல் வேகத்தைக் குறைத்து மிதிக்கப் பழகினேன். திரும்பும்போது அதே காற்று முதுகைத் தள்ளிவிட்டது.

அண்மையில் போடிமெட்டுக்கு ஏறும் மலைச்சாலையும் உண்டு. பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். முதல் வாரத்திலேயே அங்கு ஏற முயல்பவர் இரண்டாம் வாரம் வண்டியைத் தொடமாட்டார். சமவெளியில் நாள்தோறும் இருபது நிமிடம், வாரந்தோறும் சிறிது நேரம் கூட்டுதல், இதுவே வழி. மிதிக்கும்போது உடன் வருபவரோடு பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. உழைப்பு நடுத்தரமாக இருக்கிறது என்பதற்கு அதுவே எளிய அளவுகோல். பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிடமேனும் இத்தகைய நடுத்தர உழைப்பு வேண்டும் என்றும், 5 முதல் 17 வயது வரையுள்ளோருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் வேண்டும் என்றும் உலக நலவாழ்வு நிறுவனம் 2020இல் பரிந்துரைத்தது. வீட்டிலிருந்து பள்ளி ஐந்து கிலோமீட்டர் எனில், சென்று திரும்புவதிலேயே அதன் பெரும்பகுதி நிறைவேறிவிடும்.

உங்களிடம் ஒரு சொல்

மாணவர்களே, உங்கள் உடல் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. பெரியவர்களுக்கான எடை அளவுகள் உங்களுக்குப் பொருந்தா. பதினெட்டு வயதுக்குள் வயதையும் பாலினத்தையும் கொண்டே எடையை மதிப்பிட வேண்டும். மெலிய வேண்டும் என்பதற்காகக் காலை உணவைத் தவிர்ப்பது தவறு. தோழர் ஒருவரின் உடலைக் கேலி செய்வது அதைவிடப் பெரிய தவறு. கேலிக்கு அஞ்சி விளையாட்டுத் திடலுக்கே வராமல் ஒதுங்கி நின்ற மாணவர்களை என் வகுப்புகளில் கண்டிருக்கிறேன். அவர்கள் இழந்தது உடல்நலம் மட்டுமன்று.

மிதிவண்டி தரும் வலிமை உடலோடு நிற்பதுமன்று. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் நடந்த அறிவொளி இயக்கம், எழுத்தோடு மிதிவண்டி ஓட்டுவதையும் பெண்களுக்குக் கற்பித்தது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதனை முன்னின்று ஊக்குவித்தார். 1992ஆம் ஆண்டு மகளிர் நாளில் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் மிதிவண்டிகளில் அணிவகுத்தனர். பேருந்துக்கும் பிறருக்கும் காத்திராமல் தம் விருப்பப்படி சென்றுவர முடியும் என்பதை அவர்கள் ஊரறியச் செய்தனர். மிதிவண்டி ஓட்டத் தயங்கும் மாணவி, நம் மாநிலத்தின் இந்த வரலாற்றை அறிந்துகொள்ள வேண்டும்.

சாலையில் இடப்புறமே செல்லுங்கள். தலைக்கவசம் அணியுங்கள். இருளில் முன்விளக்கும் பின்புறச் சிவப்பொளியும் இன்றி வண்டியை எடுக்காதீர்கள். தோட்டத் தொழிலாளரை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளும் சரக்குந்துகளும் விரையும் நெடுஞ்சாலையை விடுத்து, இயன்றவரை வாய்க்கால் கரைகளையும் ஊர்ப்புறச் சாலைகளையும் தேர்ந்துகொள்ளுங்கள்.

இன்று

ஆறு மாதங்களில் என் எடை ஐந்து கிலோ குறைந்தது. அதனினும் மகிழ்ச்சி தந்தது, சர்க்கரை அளவு 5.8க்கு இறங்கியது. நோய் வாசலைவிட்டு முற்றிலும் அகலவில்லை; தெருமுனைக்குச் சென்று காத்திருக்கிறது. நாள்தோறும் காலையில் மிதிவண்டியில் அதைக் கடந்து பள்ளிக்குச் செல்கிறேன்.

விடுமுறைக்கு வந்த மகள், பளபளக்கும் தன் வண்டியைக் கண்டு, "அப்பா, என் வண்டியை எனக்குத் திருப்பித் தாங்க" என்றாள். கொடுத்துவிட்டேன். பெரியவரின் கடையில் எனக்கென ஒரு பழைய வண்டியை வாங்கிக்கொண்டேன். இப்போது படிக்கட்டின் கீழ் இரண்டு மிதிவண்டிகள் நிற்கின்றன. இரண்டிலும் தூசி இல்லை.

தெரிந்து தெளிவோம்

1817இல் ஜெர்மானியரான கார்ல் வான் டிரைஸ் உருவாக்கிய இருசக்கர வண்டியில் பெடல் இல்லை. கால்களால் தரையை உந்தியே ஓட்டினர். இன்றைய மிதிவண்டிக்கு முன்மாதிரியான வடிவத்தை இங்கிலாந்தின் ஜான் கெம்ப் ஸ்டார்லி 1885இல் அமைத்தார். 1888இல் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். ஐக்கிய நாடுகள் அவை 2018இல் ஜூன் 3ஆம் நாளை உலக மிதிவண்டி நாளாக அறிவித்தது.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்குரிய தொலைவையும், மிதிவண்டியில் செல்ல ஆகும் நேரத்தையும் அளந்து, ஒரு வாரத்தில் நீங்கள் பெறும் உடற்பயிற்சி நேரத்தைக் கணக்கிடுக.
2. உங்கள் ஊரில் மிதிவண்டி பழுதுபார்ப்பவர் ஒருவரைச் சந்தித்து, வண்டியைப் பேணும் முறைகளைக் கேட்டறிந்து தொகுத்து எழுதுக.
3. உங்கள் தாத்தா, பாட்டியின் இளமைக்கால அன்றாட உழைப்பையும் இன்றைய உங்கள் உழைப்பையும் ஒப்பிட்டு வகுப்பறையில் கலந்துரையாடுக.
4. 'நாள்தோறும் சிறிது' என்னும் தலைப்பில் ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.