வளர்ப்புக் குடும்பமும் நம் தானமும்

ஏற்காட்டு மலைச்சிற்றூர் ஒன்றில் நான் ஆசிரியையாகப் பணியாற்றிய காலத்தில், காப்பித் தோட்டக் கூலிகளான பெற்றோரை ஒரே ஆண்டில் இழந்த அண்ணனும் தங்கையும் என்னிடம் பயின்றனர். அவர்களுக்குப் பாட்டி ஒருத்தியே துணை. அவள் பெற்ற கூலியோ மூவர் வயிற்றுக்குப் போதாது. அன்பர் சிலர் பொருளுதவி செய்ய முன்வந்து, சமவெளியிலுள்ள விடுதியொன்றில் சிறுவனைச் சேர்த்தனர். அதற்குரிய பரிந்துரைக் கடிதத்தை எழுதியவள் நானே. நற்செயல் புரிந்தோம் என்று மகிழ்ந்தேன். அதே பணத்தை மாதந்தோறும் பாட்டியின் கையில் சேர்ப்பித்திருந்தால் இருவரும் ஒரே கூரையின்கீழ் வளர்ந்திருப்பர் என்பது எங்களுள் எவருக்கும் தோன்றவில்லை.

இன்று சட்டம் வேறு வழி காட்டுகிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 44ஆம் பிரிவில் வளர்ப்புப் பராமரிப்பைப் பற்றிக் கூறுகிறது. ஆதரவு தேவைப்படும் பிள்ளையை, குழந்தைகள் நலக் குழுவின் ஆணைப்படி, பெற்றோரல்லாத ஒரு குடும்பம் குறுகிய காலத்திற்கோ நெடுங்காலத்திற்கோ ஏற்று வளர்க்கலாம். இது தத்தெடுத்தல் அன்று. பிள்ளையின் நலனுக்கு மாறானால் அன்றி உடன்பிறந்தாரைப் பிரிக்கலாகாது என்றும் அப்பிரிவு சொல்கிறது. அவ்வரியைப் படித்த அன்று நெடுநேரம் புத்தகத்தை மூட மனம் வரவில்லை.

பாட்டி போன்ற உற்றாரிடம் வளரும் வறிய பிள்ளைகளுக்கு 'நிதி ஆதரவு' என்னும் வழி உண்டு. 2022ஆம் ஆண்டின் மிஷன் வாத்சல்யா நெறிமுறைகள், இதற்கும் வளர்ப்புப் பராமரிப்புக்கும் பிள்ளை ஒன்றுக்கு மாதம் ரூ. 4,000 என வகுத்தன. அரசு நிதியேயன்றித் தனியாரும் நிறுவனங்களும் பிள்ளைகளுக்குப் பொருள் வழங்க அவற்றில் இடமுண்டு.

குடும்பச் சூழலுக்குச் செலவிடும் பொருள் பயன் தருமா என்று ஐயுறுவோர் ருமேனிய நாட்டு ஆய்வொன்றை அறிதல் நன்று. அந்நாட்டுத் தலைநகர் புக்காரெஸ்டில், காப்பகங்களில் கிடந்த 136 மழலையரைத் தேர்ந்து, குலுக்கல் முறையில் பாதிப்பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தனர். 2000ஆம் ஆண்டையொட்டித் தொடங்கிய இம்முயற்சிக்கு அமெரிக்காவின் மக்ஆர்தர் அறக்கட்டளை பொருள் நல்கியது. குடும்பம் பெற்ற மழலையர் அறிவுத்திறனிலும், பிறரிடம் அன்பு கொண்டு ஒட்டுவதிலும் மற்றவரை விஞ்சினர். இரண்டு வயதுக்கு முன் சென்றோர் மிகுதியும் தேறினர். ஆசிரியத் தொழிலில் இருந்தோர்க்கு இது வியப்பன்று. வீட்டில் 'இன்று என்ன படித்தாய்?' என வினவ ஒருவர் உள்ள பிள்ளையை முதல் வாரத்திலேயே கண்டுகொள்வோம்.

நாலாயிரம் ரூபாயில் சோறும் உடையும் ஏடும் ஒருவாறு அடங்கும். மூக்குக்கண்ணாடி, பல் வைத்தியம், பின்தங்கிய பாடத்திற்குத் தனிப்பயிற்சி, துயரில் வாய் மூடிப்போன பிள்ளைக்கு மனநல ஆலோசனை ஆகியவை அடங்கா. சேர்வராயன் மலைப் பிள்ளையைச் சேலத்து மருத்துவரிடம் காட்ட, இருபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து இறங்க வேண்டும். உடன் செல்பவர்க்கு அன்றைய கூலி போயிற்று. நம் தானம் புகவேண்டிய இடம் இதுவே. ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என நாம் எண்ணும் நால்வகைத் தானமும் இங்கே ஒரு பிள்ளையிடத்தே கூடுகின்றன. ஆனால் நம்மவர்க்குக் கட்டடம் எழுப்புவதில் உள்ள ஆர்வம் இதில் இல்லை. கல்வெட்டில் பெயர் பொறிக்கலாம். மூக்குக்கண்ணாடியில் பொறிக்க இயலாதன்றோ!

உதவ எண்ணும் குடும்பத்தார், தம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை முதலில் அணுகுக. பிள்ளையின் நிலையை நேரில் ஆய்ந்தறிவோர் அவர்களே. ஓராண்டு கொடுத்து மறு ஆண்டு கைவிடுதல் பிள்ளையை மீண்டும் அநாதையாக்கும். ஆதலின் சிறு தொகையாயினும் பள்ளிப்படிப்பு முடியும்வரை தரவல்லதையே ஏற்றுக்கொள்க. பதினெட்டு நிறைந்தபின் இல்லத்தை விட்டு வெளியேறுவோர்க்குப் பிற்காப்பு உதவி 21 வயதுவரை, தேவையாயின் 23 வரை, அந்நெறிமுறைகளில் உண்டு. விடுதி வாடகையும் தொழிற்பயிற்சிக் கட்டணமும் மிக வேண்டப்படும் பருவம் அது.

என் மாணவனும் பதினெட்டு வயதில் ஒரு தகரப்பெட்டியுடன் மலையேறி வந்தான். பாட்டி மறைந்திருந்தாள். தங்கையை அவள் தோழியர் கூட்டத்தில் அவனால் அடையாளம் காண இயலவில்லை; யார் அவள் என்று என்னைக் கேட்டான்.