விலங்குகளும் தத்துவ நூலாரும்

மனிதன் தனக்கும் விலங்குக்கும் இடையே ஓர் எல்லை வகுத்தற்குப் பன்னெடுங் காலமாக முயன்று வந்துளான். அவ்வெல்லைக்குக் கொண்ட அளவுகோல் யாது என்பதைப் பொறுத்தே விலங்கினத்தின்பால் அவன் நடந்துகொள்ளும் முறையும் அமைந்தது. அவ்வளவுகோல் மாறிய வரலாற்றை ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் (கி. மு. 384–322) உயிரின் ஆற்றலை மூவகைப்படுத்தினார். உண்டு வளர்தல் மரஞ் செடிகட்கும் உண்டு. புலனுணர்வு விலங்குகட்கும் உண்டு. பகுத்தறிவோ மக்கட்கே உரியது. ஆதலின், விலங்குகள் மனிதன் பயன்கோடற்கு அமைந்தன என்பது அவர் துணிபு.

அறிவின் ஏற்றத்தாழ்வு கொண்டு உயிர்களை நிரல்பட வைக்கும் முறை நம் தொல்காப்பியத்தும் காணப்படும். அதன் மரபியல் ஓரறிவுயிர் முதல் ஆறறிவுயிர் ஈறாக வகுத்து, ஆறாவதாகிய மனவுணர்வை மக்கட்கு உரைக்கும். எனினும், விலங்கினுள் ஒருசாரனவும் ஆறறிவின்பாற்படும் என்னும் கொள்கை இளம்பூரணர் உரையில் உளது. எனவே, அவ்வெல்லை வாயிலில்லா மதிலன்று என்பது பெறப்படும்.

இனி, மேனாட்டில் அம்மதிலை மிக உயர எழுப்பியவர் பிரெஞ்சு அறிஞர் டேக்கார்ட் ஆவர். 1637ஆம் ஆண்டு வெளிவந்த தமது நூலில், விலங்குகள் சொற்களைக் கோத்துத் தம் கருத்தை வெளியிடமாட்டாமையின் அவற்றிற்குப் பகுத்தறிவு சிறிதும் இல்லையென்றும், அவற்றின் செயல்கள் கடிகாரத்தின் இயக்கம் போல்வன என்றும் வாதித்தார். அவர் வழிவந்த மாலபிராஞ்ச் என்பார், அவற்றிற்கு இன்பதுன்ப உணர்ச்சியே இல்லையென்று கூறத் துணிந்தார். அங்ஙனமாயின் அடிபட்ட நாயின் ஓலத்திற்கும் கடிகாரத்தின் மணியோசைக்கும் வேற்றுமை இன்றாம்!

ஜெர்மானியராகிய காண்ட் (1724–1804) விலங்குகளை வருத்தலாகாது என்றார். ஆயினும், அஃது அவற்றின் பொருட்டன்று. விலங்கினிடத்துக் கொடுமை பயின்றவன் நெஞ்சம் மக்களிடத்தும் வன்மையுறும் என்பதே அவர் காட்டிய காரணம்.

வினாவையே மாற்றியமைத்தவர் ஆங்கிலேயராகிய பெந்தாம். 1789இல் வெளியிட்ட நூலில், விலங்குகள் சிந்திக்குமா, பேசுமா என்று வினவுதல் பொருந்தாது. அவை துன்புறுமா என்பதே வினவற்பாலது என அவர் நிறுவினார். வளர்ந்த குதிரையும் நாயும் பிறந்து சின்னாட் சென்ற குழவியினும் அறிவு மிக்கன என்பதையும் எடுத்துக்காட்டினார். பேச்சும் அறிவுமே அளவுகோலாயின், மழலையும் அறியாக் குழவியையும் நோயால் அறிவிழந்தோரையும் நாம் எவ்விடத்து நிறுத்துவோம்? இவ்வினாவிற்கு டேக்கார்ட்டைப் பின்பற்றுவோர் விடை கூறுதல் அரிது.

1822இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் கால்நடைகளைக் கொடுமைப்படுத்தலைத் தடுக்கும் சட்டமொன்று இயற்றிற்று. 1871இல் டார்வின், மனிதர்க்கும் உயர்நிலை விலங்குகட்கும் உள்ள மனவேற்றுமை அளவால் ஆயதேயன்றி வகையால் ஆயதன்று என்று எழுதினார். 1975இல் பீட்டர் சிங்கர் என்பார் பெந்தாமின் கொள்கையை விரித்து நூலியற்றினார். 2012இல் கேம்பிரிட்ஜில் கூடிய விஞ்ஞானிகள் சிலர், பாலூட்டிகளும் பறவைகளும் ஆக்டோபஸ் முதலிய வேறு சில உயிர்களும் நனவுணர்வுக்கு வேண்டும் நரம்பமைப்பு உடையன என அறிக்கை விடுத்தனர்.

ஆகவே, மனிதனுக்கு அறிவு மிகுதி என்பதை யாரும் மறுக்கவேண்டுவதில்லை. அம்மிகுதி அவனுக்கு எதனைத் தருகின்றது என்பதே ஆராய்தற்குரியது. பிறிதோர் உயிரின் நோயைத் தன் உள்ளத்தால் உணரவல்லவன் அவன். வாய்பேசாத உயிரை வருத்துதற்கு அவ்வாறாம் அறிவு உரிமைச் சீட்டு ஆகாது. அதனைக் காத்தற்குரிய கடப்பாடே ஆகும்.