கயிற்றுக்குள் ஒரு இன்ஜின்: அக்காவின் டிப்ஸ்

நீராவி இன்ஜின் மாடல் ஒன்றைச் சொந்தமாகச் செய்து பார்க்க ஆசையா, தங்கச்சி? கவச இன்ஜினில் ஆரம்பி. என் சிபாரிசு 'ஹேரி மேரி'. 1899-ல் தென்னாப்பிரிக்காவில் மூண்ட போயர் போரில், துப்பாக்கிக் குண்டு துளைக்காமலிருக்க நேட்டால் ரயில்வே இன்ஜின் ஒன்றின் மேல் தடித்த கயிறுகளைத் தொங்கவிட்டார்கள். சடைசடையாகத் தொங்கியதால் வந்த பட்டப்பெயர் அது. பாய்லரில் நீ விடும் கோணல்மாணல் எல்லாம் கயிற்றுக்குள் மறைந்துவிடும். ஓட்டத்தில் இருக்கும் கோளாறு மட்டும் மறையாது.

1. அளவை முதலில் முடிவு செய்
நேட்டால் தண்டவாளத்தின் அகலம் 1,067 மி.மீ. அதை 64-ஆல் வகுத்தால் 16.7. கடையில் கிடைக்கும் எச்.ஓ. வகை மாடல் தண்டவாளம் 16.5 மி.மீ. ஆகவே 1:64 அளவில் செய்தால், பழைய எச்.ஓ. இன்ஜினின் அடிச்சட்டமும் மோட்டாரும் அப்படியே உதவும். பழைய போட்டோவில் சக்கரங்களை எண்ணிவிட்டு வாங்கு.

2. வெறும் சட்டத்தை ஓட்டிப் பார்
மேலே எதையும் ஏற்றாமல் அரைமணி நேரம் முன்னும் பின்னும் ஓட்டு. திக்கினால் இப்போதே சரிசெய். கயிறு கட்டிய பிறகு கை நுழையாது.

3. வீட்டில் கிடப்பதைத் தேடு
பாய்லருக்கு 20 மி.மீ. ஒயரிங் பைப். தண்ணீர்த் தொட்டிக்குக் காலாவதியான ஏ.டி.எம். கார்டு: 0.76 மி.மீ. கனம், கத்தியால் இரண்டு முறை கீறி மடக்கினால் நேராக ஒடியும். புகைபோக்கிக்கு ஸ்கெட்ச் பேனா மூடி. ஓட்டும் சக்கரங்களுக்கு நேர் மேலே, பைப்புக்குள் தூண்டில் ஈயக்குண்டு போட்டால் சக்கரம் வழுக்காது. ஈயத்தைத் தொட்டால் கையைக் கழுவு.

4. கயிற்றுக்குக் குரோஷா நூல்
5 செ.மீ. தடிமனுள்ள கயிறு 1:64-ல் 0.8 மி.மீ. ஆகும். சணல் வேண்டாம், பிசிறடித்து வைக்கோல் போர்போல் நிற்கும். வெள்ளைப் பருத்தி நூலை டீ டிக்காஷனில் ஊறவைத்துக் காயவிடு. ஒரு அட்டையில் நெருக்கமாகச் சுற்றி, ஒரு விளிம்பில் மட்டும் ஃபெவிகால் தடவு. காய்ந்ததும் எதிர் விளிம்பை வெட்டினால் சேலைக் குஞ்சம் மாதிரி வரும். கூரை வேய்வதுபோல் கீழ்வரிசையை முதலில் ஒட்டி மேலே ஏறு.

5. நான் வாங்கிய அடி
முதல் தடவை குஞ்சத்தைத் தண்டவாளம் வரை தொங்கவிட்டேன். இரண்டாவது சுற்றில் நூல் இணைப்புத் தண்டில் சிக்கி, மோட்டாரிலிருந்து கருகல் வாடை வந்தது. தண்டுக்கு மேலேயே நறுக்கு. நுனியில் தண்ணீர் கலந்த ஃபெவிகால் தடவி விறைப்பாக்கு. அவசரத்துக்குச் சூப்பர் க்ளூவை எடுக்காதே. பருத்தியில் பட்டால் சூடேறி விரலைச் சுட்டுவிடும். எனக்குச் சுட்டது.

6. பெட்டிகளும் கொக்கியும்
கவசப் பெட்டிக்கு அலுமினிய ஃபாயில் டப்பாவை வெட்டி, பின்பக்கம் தையல்காரர் டிரேசிங் வீலை ஓட்டு. முன்பக்கம் ரிவெட் வரிசை வரிசையாகப் புடைக்கும். இன்ஜினுக்கு இரண்டு பக்கமும் கொக்கி வை, ஏனென்றால் கவச ரயிலில் அதன் இடம் நடு. 1899 நவம்பர் 15-ல் சீவ்லி அருகே போயர்கள் வழிமறித்த ரயிலில் இருந்தது வேறு இன்ஜின், ஆனால் அதுவும் நடுவில்தான் இருந்தது. தண்டவாளத்தில் கிடந்த கற்களில் மோதிப் பெட்டிகள் தடம்புரண்டன. நிருபராகப் போயிருந்த வின்ஸ்டன் சர்ச்சில் பிடிபட்டார். இன்ஜினோ, காயம்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு தப்பி வந்தது.

அன்றைக்கும் காப்பாற்றியது ஓட்டம்தான். அதனால் இரண்டாவது டிப்ஸை இன்னொரு தடவை படித்துவிட்டு நூலைக் கையில் எடு.