வயலுக்குப் பெய்யும் மழையின் சராசரி

“எமது வட்டைக்குக் கார்த்திகையில் சராசரியாக எவ்வளவு மழை பெய்யும்?” என்று எம் ஊர்ப் போடியார் ஒருவர் எம்மை வினவினார். கேள்வி எளிது; விடையோ எளிதன்று. சேனநாயக்க சமுத்திரத்து நீர் பாயும் வயல்களுக்குக் குளம் ஒரு காவல். மானாவாரி வயல்களுக்கோ வடகீழ்ப் பருவமழையன்றி வேறு கதியில்லை. மழையை நம்பி முந்தி விதைத்தவனது முளை வெயிலிற் கருகுவதும், பிந்தி விதைத்தவனது இளம்பயிர் வெள்ளத்தில் அழுகுவதும் ஆலையடிவேம்பிலும் பனங்காட்டிலும் யாவரும் அறிந்தவை.

இக்கரையில் வளிமண்டலவியல் திணைக்களத்தின் பிரதான நிலையங்கள் வடக்கே மட்டக்களப்பிலும் தெற்கே பொத்துவிலிலும் உள்ளன. இரண்டும் எமக்குத் தொலைவானவை. அயலில் உள்ள மழைமானிகளைக் கொண்டு, எவ்விடம் எந்த மானிக்கு மிக அண்மையதோ அவ்விடத்திற்கு அம்மானியின் அளவையே கொடுக்கும் முறையைத் தீசன் என்பார் 1911இல் வெளியிட்டார். இன்றும் அது பயன்படுகின்றது. ஆயினும் மானிகள் மிகத் தொலைவில் இருக்குமிடத்து அம்முறை பெரிதும் உதவாது.

இக்குறையை நிரப்ப வந்தவையே கட்டத் தரவுகள். நிலப்பரப்பைச் சதுரங்க அட்டைபோற் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மழையளவு குறிக்கப்படுகின்றது. அவற்றுள் ‘சிர்ப்ஸ்’ என்பது அமெரிக்கப் புவியியல் அளவைத் துறையும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாந்தா பார்பராப் பிரிவும் இணைந்து ஆக்கியது. 1981 முதலான அளவுகள் அதில் உள. அதன் கட்டம் 0.05 பாகை, எமது அகலக்கோட்டில் ஏறத்தாழ ஐந்தரைக் கிலோமீற்றர்ச் சதுரம், அதாவது சுமார் 7,500 ஏக்கர். ஐரோப்பிய நிலையத்தின் ‘ஈரா 5’ தரவில் ஒரு கட்டம் 0.25 பாகை, அதனுள் முன்னையதைப் போன்ற 25 கட்டங்கள் அடங்கும். கரையோரத்தில் அத்தகைய பெருங்கட்டம் ஒன்று பாதி வயலும் பாதி கடலுமாய் அமைதலும் உண்டு.

இவ்வளவுகள் எவ்வாறு பெறப்படுகின்றன? செய்மதி முகிலின் உச்சி எத்துணைக் குளிர்ந்துள்ளது என்று காண்கிறது. குளிர்ந்த முகில் நெடுநேரம் நின்றால் மழை மிகுதி எனக் கணிக்கப்படுகிறது. பின்னர் மழைமானிகளின் அளவுகளோடு அக்கணிப்பு இணைக்கப்படுகிறது. ஆனால் உயரத்தே பரவிய மெல்லிய முகில் குளிர்ந்திருந்தும் ஒரு துளி சிந்தாது போகலாம். கடலிலிருந்து வரும் தாழ்ந்த முகில் குளிராமலே நன்கு பொழிந்துவிடலாம். கட்டத்தின் எண் அளந்த எண் அன்று, மதித்த எண் என்பதை மாணவர் மறத்தலாகாது.

மானியின் எண்ணும் வயலின் எண் அன்று. இருபது சென்ரிமீற்றர் அகல வாயுள்ள மானி, ஒரு சிர்ப்ஸ் கட்டத்தின் பரப்பில் ஏறத்தாழ நூறு கோடியில் ஒரு பங்கையே காண்கிறது! ஐப்பசி மாலையில் இடியுடன் கூடிய மழை கட்டத்தின் காற்பங்கில் 40 மில்லிமீற்றர் பெய்து ஏனைய பகுதியைத் தொடாது போயின், கட்டம் 10 என்று கூறும். அந்தப் பத்தைப் பெற்ற வயல் ஒன்றும் இல்லை.

இனிக் கணக்கைச் செய்வோம். 400 ஏக்கர் வட்டை ஒன்றில் 300 ஏக்கர் ஒரு கட்டத்திலும் 100 ஏக்கர் அடுத்த கட்டத்திலும் அமைந்துள்ளன எனக் கொள்க. ஆண்டு மழை முறையே 1,500, 1,620 மில்லிமீற்றர் ஆயின், இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தல் பிழை. பரப்பின்படி நிறைகொடுத்தால் 1,530 வரும். வெறுஞ் சராசரியோ 1,560. வேறுபாடு 30 மில்லிமீற்றர்தானே எனலாம். ஓர் ஏக்கரில் ஒரு மில்லிமீற்றர் மழை 4,047 லீற்றர் நீராகும், பெருக்கிப் பார்க்க.

அடுத்தது திருத்தம். அயலிலுள்ள மானியின் பல்லாண்டுக் கார்த்திகைச் சராசரி 340ஆகவும், அது நிற்கும் கட்டத்தின் சராசரி 400ஆகவும் இருப்பின், கட்டத்தின் கார்த்திகை அளவுகளை 0.85ஆற் பெருக்குவர். இதில் ஒரு பொறி உண்டு. அம்மானியின் அளவு ஏற்கெனவே அத்தரவில் சேர்க்கப்பட்டிருப்பின் இரண்டும் பெரும்பாலும் ஒத்தே நிற்கும். அந்த ஒற்றுமை, விடையைப் பார்த்து எழுதிய மாணவன் பெற்ற புள்ளி போன்றது. தரவிற் சேராத மானியே உண்மைச் சோதனை.

இத்தனையும் செய்து பெற்ற சராசரியையும் விதைப்புக்கு அப்படியே கொள்ளலாகாது. ஒன்பது தை மாதங்களில் 200 மில்லிமீற்றர் வீதம் பெய்து, 2011இல் கீழ்மாகாணம் கண்டதுபோன்ற வெள்ள மாதம் ஒன்றில் 900 பெய்தால் சராசரி 270 ஆகும். பத்தாண்டில் ஒரே ஓர் ஆண்டுதான் அவ்வளவைக் கண்டது. இதனாலன்றோ இலங்கையை 46 விவசாயச் சூழல் வலயங்களாக வகுத்தோர் சராசரியை விடுத்து, நான்கு ஆண்டில் மூன்று ஆண்டேனும் எதிர்பார்க்கத்தக்க மழையைக் கொண்டனர். நாமும் போடியாருக்கு அவ்வெண்ணையே கொடுத்தோம். அவர் எதிர்பார்த்ததிலும் அது குறைவாயிருந்தது; முகத்தில் மகிழ்ச்சி இல்லை.

கல்லூரி முற்றத்தில், மரநிழலும் கூரையும் எட்டாத இடத்தில், மானி ஒன்றை நிறுத்தி நாடோறும் காலை 8.30 மணிக்கு அளக்க மாணவரை வேண்டுகிறோம். உலக நேரப்படி நாளைக் கணக்கிடும் தரவுகளில் நாள் எமது காலை 5.30 மணிக்கே தொடங்கும். ஆகலின் ஒரு நாளை ஒரு நாளோடு ஒப்பிடாது, பத்து நாள் தொகையைப் பத்து நாள் தொகையோடு ஒப்பிடுக.