வலி போனால் புண் ஆறிவிட்டதா?
குடல் அழற்சி நோயும் கஞ்சா மருந்தும்

சென்ற ஆண்டு ஒரு மாலை நேரம். ஓர் அம்மாவும் மகனும் வந்தார்கள். (அவர்கள் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) பையனுக்கு இருபத்தாறு வயது. மூன்று வருடமாகப் பெருங்குடலில் புண். முன்பெல்லாம் நாளைக்கு எட்டுத் தடவை, பத்துத் தடவை கழிப்பறைக்கு ஓட்டம். மலத்தோடு ரத்தமும் சளியும். குடல் நோய் நிபுணரிடம் காட்டி மாத்திரை சாப்பிட்டு வந்தவர்.

"இப்ப நல்லாத்தான் இருக்கான் டாக்டர். ஆனா மாத்திரையே வேண்டாம்ங்கிறான். நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க" என்றார் அம்மா.

அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, "என்ன தம்பி விஷயம்?" என்று கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னார். நண்பர் மூலம் கஞ்சா எண்ணெய் கிடைத்ததாம். இரண்டு மாதமாக ராத்திரியில் சில சொட்டு. மாத்திரையை நிறுத்தி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது.

"வயித்து வலி போயிடுச்சு டாக்டர். பசிக்குது, தூக்கம் வருது. வெளிநாட்டுல டாக்டருங்களே கொடுக்கிறாங்க. நம்ம சித்த வைத்தியத்திலயும் இருக்குதானே? அப்புறம் எதுக்கு அந்த மாத்திரை?"

நியாயமான கேள்விதான். 'கஞ்சா' என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளித்து அனுப்பிவிடுவது சுலபம். ஆனால் அப்படி அனுப்பினால் அவர் எண்ணெயை விடமாட்டார், வைத்தியரைத்தான் விடுவார்!

முதலில், இது என்ன நோய்?

நம் உடம்பின் எதிர்ப்பு சக்தி, வெளியிலிருந்து வரும் கிருமியோடு சண்டை போடுவதை விட்டுவிட்டுச் சொந்தக் குடலையே தாக்குவதுதான் குடல் அழற்சி நோய். இதில் முக்கியமாக இரண்டு வகை. 'அல்சரேட்டிவ் கொலைடிஸ்' பெருங்குடலில் மட்டும் வரும். ஆசனவாய்ப் பக்கம் தொடங்கி மேல்நோக்கிப் பரவும். உட்புறத் தோலைப் புண்ணாக்கும். இன்னொன்று 'கிரோன் நோய்'. 1932-ல் நியூயார்க் டாக்டர்கள் விவரித்தது. வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும் வரலாம். குடல் சுவரின் முழு கனத்தையும் துளைத்துப் போகும். குடலைச் சுருக்கி அடைத்தும் விடும்.

டென்ஷன் வந்தால் வயிற்றைக் கலக்குகிறதே, அந்த 'ஐ.பி.எஸ்.' வேறு. அதில் குடலில் புண் இருக்காது. இதில் இருக்கும். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

எங்கள் பாடத்தில் என்ன இருக்கிறது?

கஞ்சா சித்த மருத்துவத்துக்குப் புதிதல்ல. 'சிவமூலி' என்று அதற்கு ஒரு பெயரே உண்டு. வலியை அடக்கும், இசிவை அகற்றும், பசியைத் தூண்டும், உறக்கம் தரும், கூடவே வெறியும் உண்டாக்கும் என்று கல்லூரியில் குணபாட வகுப்பில் படித்தோம். கழிச்சலுக்கும் கிராணிக்கும் மற்றச் சரக்குகளோடு சிறிய அளவில் சேர்ப்பதுண்டு. ஆயுர்வேதத்தில் கிராணிக்குத் தரும் 'ஜாதிபலாதி சூரண'த்திலும் இது சேர்கிறது. ஆனால் சுத்தி செய்யாமல் சேர்ப்பதில்லை. இந்திய மருந்து விதிகளிலும் இது நச்சுச் சரக்குப் பட்டியலில்தான் இருக்கிறது.

அன்று எங்கள் ஆசிரியர் ஒருவர் சொன்னதை இன்றும் மறக்கவில்லை: "அழுற குழந்தை வாயைப் பொத்தினா அழுகை நிக்கும்டா, பசி தீருமா?"

உடம்பிலேயே இருக்கும் பூட்டு

கஞ்சாவில் போதை தரும் முக்கியப் பொருள் 'டி.ஹெச்.சி.'. 1964-ல் இஸ்ரேலில் ரஃபேல் மெஷூலமும் கவோனியும் அதைத் தனியாகப் பிரித்துக் காட்டினார்கள். போதை தராத இன்னொரு பொருள் 'சி.பி.டி.'. பிறகுதான் ஆச்சரியம். இந்தச் சாவிக்கு ஏற்ற பூட்டுகள் நம் உடம்பிலேயே இருப்பது தெரிந்தது! சாவியையும் உடம்பே தயாரிக்கிறது. 1992-ல் கண்டுபிடித்த அந்தப் பொருளுக்கு 'ஆனந்தம்' என்ற வடசொல்லை வைத்தே 'ஆனந்தமைடு' என்று பெயரிட்டார்கள்.

இந்தப் பூட்டுகளில் ஒரு வகை குடல் நரம்புகளில் இருக்கிறது. அதைத் திறந்தால் குடலின் ஓட்டம் மெதுவாகும், வலி குறையும். இன்னொரு வகை எதிர்ப்பு சக்தி அணுக்களில் இருக்கிறது. 'அப்படியானால் அழற்சியும் தணியுமே' என்று நம்பிக்கை பிறந்தது. அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்தார்கள்.

இஸ்ரேல் சோதனை சொன்ன பாடம்

டெல் அவிவ் அருகே கஃபார் சாபா என்ற ஊர். அங்குள்ள மெயிர் மருத்துவமனையில் டாக்டர் டிம்னா நஃப்தலி குழுவினர் 2013-ல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான மருந்துகளுக்கு அடங்காத கிரோன் நோயாளிகள் 21 பேர். 11 பேருக்கு உண்மையான கஞ்சா சிகரெட். 10 பேருக்கு டி.ஹெச்.சி. நீக்கிய வெற்று சிகரெட். மொத்தம் எட்டு வாரம். கஞ்சா பெற்ற 11 பேரில் 10 பேருக்கு உபாதைகள் நன்றாகக் குறைந்தன. வெற்று சிகரெட் பெற்றவர்களில் 4 பேருக்கு மட்டுமே அப்படி. பசியும் தூக்கமும் கூடின. இந்தச் செய்திதான் உலகமெல்லாம் பரவியது.

பரவாத செய்தி என்ன தெரியுமா? ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் அளவில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. சிகரெட்டை நிறுத்திய இரண்டே வாரத்தில் உபாதைகள் திரும்பிவிட்டன!

அதே குழுவினர் 2021-ல் மேலும் இரண்டு சோதனைகளை வெளியிட்டார்கள். சி.பி.டி. அதிகமுள்ள எண்ணெயை வைத்துக் கிரோன் நோயாளிகள் 56 பேரிடம் ஒன்று; அல்சரேட்டிவ் கொலைடிஸ் உள்ள 32 பேரிடம் கஞ்சா சிகரெட்டை வைத்து இன்னொன்று. இரண்டிலும் நோயாளிகள், 'தேவலை' என்றார்கள். ஆனால் குழாய் விட்டுக் குடலைப் பார்த்தபோதும், அழற்சி அளவைச் சோதித்தபோதும், கஞ்சா பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. பிரிட்டனில் 60 பேரிடம் சி.பி.டி. மிகுந்த சாற்றை வைத்து நடந்த சோதனையிலும் (2018) நோய் தணிந்தவர்கள் ஒரு பக்கம் 28 சதவீதம், வெற்று மருந்து பெற்ற மறுபக்கம் 26 சதவீதம். ஏறக்குறைய சமம்தான்.

இவையெல்லாம் சிறிய சோதனைகள். பெரிய சோதனைகள் நடந்தால் கதை மாறலாம். இன்றைக்குக் கையில் இருக்கும் பாடம் ஒன்றுதான்: வலி அடங்குகிறது, புண் ஆறியதற்குச் சாட்சி இல்லை.

"வலி போனா போதாதா டாக்டர்?"

பையன் இதைத்தான் கேட்டார். போதாது. வலி தெரியாமலே உள்ளே கிரோன் நோய் குடலைச் சுருக்கிக்கொண்டு போகலாம். ஒரு நாள் அடைப்பாகவோ ஓட்டையாகவோ வெடிக்கும். பெருங்குடல் அழற்சி பல வருடம் தணியாமல் இருந்தால் புற்றுநோய் வாய்ப்புக் கூடும்.

2014-ல் கனடாவில் 313 நோயாளிகளிடம் விசாரித்ததில், ஆறு மாதத்துக்கு மேல் கஞ்சா பயன்படுத்திய கிரோன் நோயாளிகளுக்கு ஆபரேஷன் அதிகம் தேவைப்பட்டிருந்தது. கஞ்சாதான் காரணம் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. நோய் முற்றியவர்களே அதை நாடியிருக்கலாம். ஆனாலும் அது அவர்களைக் காப்பாற்றவில்லை என்பது தெரிகிறது அல்லவா?

வேறு தொல்லைகளும் உண்டு. நீண்ட நாள் பயன்படுத்துபவர்களில் சிலருக்கு ஓயாத வாந்தியும் வயிற்று வலியும் வரும். வெந்நீரில் குளித்தால்தான் கொஞ்சம் அடங்கும். பரம்பரையாக மனநோய் உள்ள குடும்பத்து இளைஞர்களுக்கு இது மிகவும் ஆபத்து. கர்ப்பிணிகளும் தாய்ப்பால் கொடுப்பவர்களும் தொடவே கூடாது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1985-ம் ஆண்டு போதைப்பொருள் சட்டப்படி, கஞ்சா ஒரு கிலோவுக்கு உட்பட்ட 'சிறிய அளவு' என்றாலும் ஓராண்டு வரை சிறை உண்டு. நண்பர் கொடுக்கும் புட்டியில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அது மருந்தே அல்ல.

வீட்டில் இந்த நோய் இருந்தால்...

* உபாதை இல்லை என்பதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

* 'கால்ப்ரொடெக்டின்' என்ற மலப் பரிசோதனை உண்டு. குடலில் அழற்சி இருக்கிறதா என்பதை வலியை விட நன்றாக அது சொல்லும்.

* நம் நாட்டில் குடல் காசநோயும் கிரோன் போலவே வேஷம் போடும். அதைப் பரிசோதித்துத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

* டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளைக் கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். நோயைக் கிளப்பிவிடக்கூடும்.

* சித்த மருந்து சாப்பிட்டால் அலோபதி டாக்டரிடமும், அவர் தரும் மருந்தைச் சித்த வைத்தியரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள்.

* நோய் கிளர்ந்திருக்கும்போது காரம், பச்சைக் காய், முழு நார்ச்சத்து வேண்டாம். குழைந்த சாதம், இளநீர், வேகவைத்துத் தோல் நீக்கிய காய் போதும்.

* விடாத காய்ச்சல், வயிறு உப்பி மலம் காற்றுப் போகாமை, அதிக ரத்தப்போக்கு இருந்தால் உடனே ஆஸ்பத்திரிதான்.

அன்று பையனிடம் நான் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. "ஒரு டெஸ்ட் மட்டும் எடுத்துட்டு வாங்க தம்பி. அது நல்லா இருந்தா அப்புறம் பேசலாம்" என்றேன். கால்ப்ரொடெக்டின் 50-க்குக் கீழ் இருக்க வேண்டும். அவருக்கு ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. தாளையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். "வலியே இல்லையே டாக்டர்..." என்றார்.

மறுநாளே குடல் நிபுணரிடம் அனுப்பினேன். மாத்திரையை மறுபடி தொடங்கினார். அம்மாவிடம் எண்ணெய் விஷயத்தை அவரே சொல்லிவிட்டார். அம்மா திட்டவில்லையாம். "எங்கிட்ட முன்னாடியே வலிக்குதுன்னு சொல்லியிருக்கலாமேடா" என்று மட்டும் கேட்டாராம்.

நான்கு மாதம் கழித்து எடுத்த டெஸ்டில் அளவு இருநூறுக்கு இறங்கியிருந்தது. இன்னும் இறங்க வேண்டும். இறங்கும்.